டேக்குக்கும் ஒத்திகைக்கும் நடுவே

(மாமல்லபுரத்தில் இசை ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ஏ.ஆர்.ரஹ்மான் படத்தைப் பெரிதாகவும் என் பெயரைச் சிறிதாகவும் அச்சடித்திருக்கிறீர்கள். அளவு சரிதான். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு யாராவது செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தால் இப்போதே எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடலாம். நான் தவறாக நினைக்க மாட்டேன்.

எனக்குக் கொடுத்த பொருள், பெரிய திரை இசையமைப்பாளர் ஒருவர் மாணவர் ஆர்கெஸ்ட்ராவோடு ஒத்திகை பார்த்து மேடையேறுவது. இதைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் நட்சத்திரத்தைப் பற்றியே பேசிவிட்டு இறங்கிவிடுவார்கள். அவர் வந்தார், வாழ்த்தினார், பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள், முடிந்தது. எனக்கோ அந்த மேடையின் பின்வரிசையில் வயோலாவை மடியில் வைத்துக்கொண்டு தன் முறை வருவதற்காகக் காத்திருக்கிற பிள்ளைமேல்தான் கண். அது எங்கிருந்து வந்தது? யார் சொல்லிக்கொடுத்தது? நாளைக்கு அதற்கு என்ன வேலை? நானும் சில வருஷம் ரெக்கார்டிங் தியேட்டர்களில் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்தவன். பின்வரிசைக்காரன் பின்வரிசையைத்தான் பார்ப்பான்.

இங்கிருந்து வடக்கே ஐந்து கிலோமீட்டர் போனால் சாளுவன்குப்பம். புலிக்குகைக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். யாளித் தலைகள் சுற்றிலும் நிற்க, நடுவில் மேடைபோலக் குடைந்த பாறை. திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்காகச் செய்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அதே வளாகத்தில் கொஞ்சம் தள்ளி அதிரணசண்டன் குகைக்கோயில் இருக்கிறது. அங்கே கூட்டம் போகாது. உள்ளே பக்கச் சுவர்களில் ஒரு புறம் கிரந்தத்திலும் மறுபுறம் நாகரியிலும் கல்வெட்டு. காலகாலன் என்று பட்டம் பூண்ட பல்லவ அரசனின் இசையைப் புரிந்துகொள்ளத் தேவர்களும் பரதரும் நாரதரும்தான் வரவேண்டும் என்ற தோரணையில் ஒரு பெருமை அதில் வருகிறது. அரசனின் சங்கீதம் பாறையில் ஏறிவிட்டது. அவன் சபையில் யாழ் மீட்டியவர், குழல் ஊதியவர் ஒருவர் பெயரும் அந்தச் சுவரில் கிடையாது.

ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்துக் கோடம்பாக்கத்திலும் இதே வழக்கம்தான். இசைத்தட்டில் படத்தின் பெயர் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடலாசிரியர் பெயர் இருக்கும். ஐம்பது பேர் உட்கார்ந்து வாசித்திருப்பார்கள், ஒரு பெயர் இருக்காது. உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இடையிசை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் வருகிற புல்லாங்குழல் யார்? தெரியாது. இந்த வழக்கத்தை முதலில் பெரிய அளவில் மாற்றியவர்களில் ரஹ்மான் முக்கியமானவர். கேசட் உறையில், பிறகு சி.டி. உறையில், வாசித்தவர்களின் பெயர்களை அச்சிட்டார். அவரைப் பற்றிப் பாராட்ட எத்தனையோ இருக்கிறது. நான் முதலில் எடுத்துக்கொள்வது அந்த உறைத் தாளைத்தான்.

ஆனால் அதே மனிதரைப் பற்றி எங்கள் பின்வரிசையில் வேறு ஒரு பேச்சும் உண்டு. அதையும் சொல்லாமல் போனால் இந்த உரை வெறும் பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

கோடம்பாக்கத்தின் ரெக்கார்டிங் தியேட்டர், தமிழ்நாட்டில் எல்லோரும் மறந்துபோன ஒரு பள்ளிக்கூடம். அதை யாரும் பள்ளிக்கூடம் என்று சொல்லவில்லை, போர்டு மாட்டவில்லை. ஒரே டிராக்கில் பதிவு செய்த காலத்தில் பாடகரும் ஐம்பது அறுபது வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். நாலாவது நிமிஷத்தில் ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. அந்தப் பயம் ஒரு பெரிய வாத்தியார். சர்ச் கொயரில் நோட்டேஷன் படித்துப் பழகியவர்கள், கச்சேரி மேடையிலிருந்து வந்தவர்கள், போலீஸ் பேண்டில் டிரம்பெட் ஊதி ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் ஒரே ஹாலில் உட்கார்ந்தார்கள். புதிதாக வந்த பையன் பின் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற பெரியவரின் வில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தே தொழில் கற்றான். இளையராஜா காலையில் உட்கார்ந்து முழு ஸ்கோரையும் கையால் எழுதிக் கொடுப்பார். பிரதி எடுப்பவர்கள் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதுவார்கள். மை காயும் முன்பே வாசித்தாக வேண்டும். பார்த்த மாத்திரத்தில் வாசிக்கிற அந்தத் திறமை மெட்ராஸ் வாத்தியக்காரர்களுக்குச் சோறு போட்டது.

1992இல் 'ரோஜா' வந்தது. அதற்கு முன்பே, 1989இல், ரஹ்மான் தன் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டிவிட்டார். கீபோர்டு, சாம்ப்ளர், சீக்வென்சர். வாத்தியக்காரர் தனித்தனியாக வருவார், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். ஹெட்போன் மாட்டிக்கொண்டு மனம்போல வாசிப்பார். அதிலிருந்து வேண்டியதை எடுத்துக் கோத்துக்கொள்வார் இசையமைப்பாளர். விளைந்த ஒலி அபாரமானது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஐம்பது பேர் ஒரே ஹாலில் உட்காரும் தேவை போய்விட்டது. ரஹ்மான் ஒருவரால் மட்டும் அது போகவில்லை, கருவிகள் மலிவானதும் எல்லோரும் அந்த வழிக்கு வந்தார்கள். போனது மட்டும் நிஜம். கால்ஷீட்டை நம்பிய குடும்பங்கள் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு வேலை தேடின. ஹால் போனதோடு அந்தப் பெயரில்லாத பள்ளிக்கூடமும் மூடிவிட்டது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. எந்த மனிதரின் வேலைமுறை பழைய ஆர்கெஸ்ட்ராவைத் தேவையில்லாமல் செய்ததோ, அவரே 2008இல் கோடம்பாக்கம் வடபழனி வட்டாரத்தில் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியைத் தொடங்கினார். அதற்குப் பின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வயலின், வயோலா, செல்லோ, காற்று வாத்தியங்கள் என்று இலவசமாகச் சொல்லிக்கொடுத்து, ஒரு முழு இசைக்குழுவாக உட்கார வைப்பது திட்டம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இன்று அவருடைய படப் பாடல்களில் தந்தி வாத்தியப் பகுதியை வாசிக்கிறார்கள். அவர்கள் பெயரும் வருகிறது. பிராயச்சித்தம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தேவை இருந்தது. கம்ப்யூட்டர் வயலின் எவ்வளவு தேறினாலும் இருபது கை சேர்ந்து வில் இழுக்கிற ஓசை அதில் வரவில்லை. வெளிநாட்டுக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு வரலாம், பலர் செய்கிறார்கள். இங்கேயே உண்டாக்கலாம் என்று நினைத்தவர் இவர்.

அவருடைய பிள்ளைப் பருவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். 1976இல் அவர் காலமானபோது பையனுக்கு ஒன்பது வயது. வீட்டிலிருந்த கீபோர்டுகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பிறகு பையனே கீபோர்டு வாசிக்கப் போனான், பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பதின்வயதில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து தொழில் படித்தவர், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்டூடியோவுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார். அவர் கற்ற இடம் இப்போது இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

மேடைக்கு வருகிறேன். 2014 அக்டோபர் 24, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், சிம்பொனி ஹால். பெர்க்லி இசைக் கல்லூரியின் இந்தியன் என்செம்பிள் ரஹ்மானின் பாடல்களை வாசித்தது. அந்தக் குழுவை 2011இல் உருவாக்கியவர் அனெட் பிலிப், நம் நாட்டுப் பாடகி. பல நாடுகளிலிருந்து வந்து படிக்கிற நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள். அந்த ராத்திரியே ரஹ்மானுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். அவரும் அவர்களோடு மேடையில் பாடினார். அந்த ஹால் 1900இல் திறந்தது. வாலஸ் சபைன் என்ற இயற்பியல் பேராசிரியர் கணக்குப் போட்டுச் சொன்னபடி கட்டியது; எதிரொலியைக் கணக்கிட்டு எழுப்பிய முதல் இசை அரங்கு என்று அதைச் சொல்வார்கள். 'ஸ்டார் வார்ஸ்' ஜான் வில்லியம்ஸ் 1980 முதல் 1993 வரை பாஸ்டன் பாப்ஸ் குழுவை நடத்தியதும் அங்கேதான். திரையிசைக்காரர் என்று அவரைக் கீழே வைக்காத ஹால்.

அந்த நிகழ்ச்சியின் வீடியோக்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. பாட்டை விட்டுவிட்டு, பாட்டுக்குத் தயாராகும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்குச் சொல்ல இருக்கிற விஷயமே இதுதான், மற்றதெல்லாம் முன்னுரை.

ரெக்கார்டிங்கில் பழகிய இசையமைப்பாளருக்குத் தெரிந்தது டேக். வாத்தியக்காரர் வருவார், தாளைப் பார்ப்பார், ஒரு தடவை வாசித்துப் பார்ப்பார், டேக். போய்விடுவார். அந்தப் பாட்டை அவர் வாழ்நாளில் மறுபடி வாசிக்க மாட்டார். அடுத்த வாரம் டீக்கடையில் ரேடியோவில் கேட்டால் இதை நாம் வாசித்தோமா என்று யோசிப்பார். நானே யோசித்திருக்கிறேன். பிடிக்காத நாலு பாரை (தாள அளவை) இசையமைப்பாளர் அந்த நிமிஷமே அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுக்கலாம். தப்பு விழுந்தாலும் இன்றைக்கு மெஷினில் சரி செய்துகொள்ளலாம். மாணவர் குழுவில் இது எதுவும் நடக்காது. ஒரே பாட்டை மாதக்கணக்கில் வாசிப்பார்கள். கடைசி நாளில் நாலு பாரை மாற்றினால் இருபது பிள்ளைகளின் விரல் பழக்கத்தை மாற்ற வேண்டும். மேடையில் விழுந்த தப்பு விழுந்ததுதான். ஆக, ஒத்திகையில் மாணவர்கள் மட்டும் கற்பதில்லை. டேக்கிலேயே வாழ்ந்த மனிதரும் பொறுமையாக உட்கார வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் பக்கம் என்ன நடக்கிறது? நம் ஊர்ப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டிலோ திருக்கழுக்குன்றத்திலோ கர்நாடக வயலின் நாலு வருஷம் படித்த பெண் என்று வையுங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்த்து வாசிப்பாள். ஆர்கெஸ்ட்ராவுக்கு வந்தால் நாற்காலி, தாடைக்குக் கீழே வயலின், தந்திகளுக்கு வேறு சுருதி. இதெல்லாம் இரண்டு மாதத்தில் பழகிவிடும். பழகாதது வேறு ஒன்று. கச்சேரியில் வயலின்காரரின் பெரிய குணம் பாடகரை நிழல்போலத் தொடர்வது. அவர் பாடி ஒரு இமைப்பொழுது கழித்து இவர் வாசிப்பார். அந்த இமைப்பொழுதில்தான் வயலின்காரரின் வித்தை இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவில் அதே இமைப்பொழுது குற்றம். எல்லா வில்லும் ஒரே கணத்தில் தந்தியைத் தொட வேண்டும். ஒருவரைக் கேட்டுவிட்டு வாசிக்கக் கூடாது, கண்டக்டரின் கையைப் பார்த்து மூச்சோடு மூச்சாக வாசிக்க வேண்டும். நாலு வருஷம் குருவிடம் பாராட்டு வாங்கித் தந்த பழக்கத்தை இங்கே வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். நல்ல மாணவர்களுக்குத்தான் இது அதிகக் கஷ்டம்.

அடுத்தது, சும்மா இருப்பது. வயோலாவுக்கு முப்பத்திரண்டு பார் ஓய்வு என்று தாளில் போட்டிருக்கும். அதை எண்ண வேண்டும். விரலை மடக்கி எண்ணுகிறவர்கள் உண்டு, காலால் தட்டுகிறவர்கள் உண்டு. காலால் தட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கோபம் வரும். முப்பத்து மூன்றாவது பாரில் சரியாக நுழைய வேண்டும், அதுவும் மெதுவாக, யாருக்கும் தெரியாமல். நம் பிள்ளைகளுக்கு மேடை என்றால் தனியாக நின்று கைதட்டு வாங்கும் இடம். பள்ளிக் கலைத் திருவிழாவில் குழு நடனத்துக்கும் பரிசு உண்டு என்றாலும் வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வி 'உனக்கு எந்த இடம்' என்பதுதான். அப்படி வளர்ந்த பிள்ளை முப்பத்திரண்டு பார் வாசிக்காமல் உட்கார்ந்து, தப்பாமல் நுழையக் கற்றுக்கொள்வது சின்ன விஷயமில்லை.

பிறகு பென்சில். என் வகுப்பில் முதல் விதி: பேனா வேண்டாம், பென்சில் கொண்டுவா. முதல் நாற்காலியில் இருப்பவர் இந்த இடத்தில் வில் கீழே, இந்த இடத்தில் மேலே என்று முடிவு செய்வார். வரிசை முழுவதும் அதைத் தாளில் குறித்துக்கொள்ளும். அடுத்த ஒத்திகையில் கண்டக்டர் மாற்றுவார். அழித்துவிட்டு மறுபடி குறிக்க வேண்டும். ரஹ்மான் பாட்டில் பாடகர் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் இடம் வரும். ஐந்து கோட்டில் அதை எழுத முடியாது. ஒருவர் வாசித்தால் கமகம். பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு விதமாக வழுக்கினால் சந்தைக் கூச்சல். எந்த விரலால், எவ்வளவு நேரத்தில், எந்த வேகத்தில் என்று பன்னிரண்டு பேரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். பாஸ்டனில் தமிழோ இந்தியோ மலையாளமோ தெரியாத பிள்ளைகள் இந்தப் பாட்டுகளைப் பாடினார்கள் என்றால், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு வழுக்கலுக்கும் இப்படி உட்கார்ந்திருப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழுக்கல் தொட்டில் பாட்டிலிருந்தே தெரியும், நோட்டேஷன்தான் தெரியாது. அவர்களுக்கு நோட்டேஷன் தெரியும், இது தெரியாது. எது சீக்கிரம் கற்க முடியும் என்று கேட்டால், நோட்டேஷன் என்றுதான் சொல்வேன். அந்த விஷயத்தில் நாம் முன்னால்தான் இருக்கிறோம்.

இன்னொன்று. மேல்நாட்டுச் சங்கீதம் படிக்கும் பிள்ளைகளிடம் திரைப்பாட்டை வாசிக்கச் சொன்னால் சில ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். மொஸார்ட்டிலிருந்து இறங்கி வருவது என்ற நினைப்பு. நான் எதிர்மாறாகச் சொல்கிறேன். செங்கல்பட்டில் மொஸார்ட்டை வாசித்தால் தப்பு யாருக்கும் தெரியாது, மரியாதையாகக் கைதட்டுவார்கள். ரஹ்மான் பாட்டின் இடையிசையில் இரண்டாம் வயலின் ஒரு ஸ்வரம் தவறினால் கடைசி வரிசையில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி திரும்பிப் பார்ப்பான். அவனுக்கு ஒவ்வொரு இசைத் துணுக்கும் மனப்பாடம். அதைவிடக் கடுமையான பரீட்சை இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும்?

இளம் பிள்ளைகளை இசைக்குழுவாக உட்கார வைக்கும் இந்த வேலையில் ரஹ்மான்தான் முதல் ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்: எம்.பி.சீனிவாசன். எம்.பி.எஸ். என்பார்கள். 1925இல் சித்தூரில் பிறந்தவர். தமிழில் 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' அவர் இசை. ஜெயகாந்தன் பாட்டு எழுதிய படம். தமிழ்த் திரையுலகம் அவரைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை, மலையாளம் எடுத்துக்கொண்டது. 1961 நவம்பர் 14 அன்று பரணி ஸ்டூடியோவில், காய்ச்சலோடு வந்த ஓர் இருபத்தோரு வயது இளைஞனைப் பாட வைத்துப் பதிவு செய்தார். அந்த இளைஞன் யேசுதாஸ், அது அவருடைய முதல் பாட்டு. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' அவர் இசைதான். காணாமல் போன தபலா கலைஞர் ஒருவரைத் தேடும் 'யவனிகா'வும் அவருடையதுதான். வாத்தியக்காரர்களுக்கு மெட்ராஸில் சங்கம் அமைத்தவர்களில் முன்னால் நின்றவர். அவர் கிளம்பியிருக்காவிட்டால் எங்கள் தலைமுறை கால்ஷீட் என்று ஒன்றைப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்.

அவர் எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கினார். இளைஞர்கள், வெவ்வேறு வேலை பார்ப்பவர்கள், மாணவர்கள். பாரதியார் பாடல்களை நாலு குரலாகப் பிரித்து, பல இந்திய மொழிகளில் பாட வைத்தார். வயலின் வாங்க வேண்டாம், செல்லோ வாங்க வேண்டாம், குரல் மட்டும் போதும். பணமில்லாத ஊருக்கு அதைவிட நல்ல இசைக்குழு கிடையாது. 1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் காலமானார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு சேர்ந்திசைக் குழு இருக்கிறது. நம் மாவட்டத்தில் அவர் பெயரில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன்.

இளையராஜாவைப் பற்றிக் கேட்பீர்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. அது தேர்ந்த தொழில்முறைக் குழு, மாணவர்கள் அல்ல. நம் பேச்சுக்கு நெருங்கியது, 2024 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அவர் பெயரில் இசைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு மையத்துக்கு அடிக்கல் நாட்டியது. எழுதிப் பார்த்தே பழகிய ஒரு மனிதரின் ஸ்கோர் தாள்கள் மாணவர்கள் கைக்கு வந்தால் அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் இல்லை. வரட்டும், அப்போது பேசலாம்.

இப்போது நம் கரைக்கு வருவோம். ரஹ்மானுக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு, 2022இல் இங்கே நடந்த 44வது செஸ் ஒலிம்பியாடுக்கு அவர் போட்ட பாட்டு. அது போகட்டும். நம் பிள்ளை ஆர்கெஸ்ட்ராவில் உட்கார வேண்டுமானால் என்ன வழி? செங்கல்பட்டில் இருப்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், கடற்கரை மின்சார ரயில் கோடம்பாக்கத்தில் நிற்கும். ஏறி உட்கார்ந்தால் ஒன்றேகால் ஒன்றரை மணி நேரம். வயலின் என்றால் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். செல்லோவை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்குச் செங்கல்பட்டில் ஏறிப் பாருங்கள். தாம்பரத்தில் கூட்டம் ஏறும்போது அந்தப் பெட்டியைக் குழந்தையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டு நிற்கிற பையனை நான் பார்த்திருக்கிறேன். 'இது என்ன தம்பி, கிடாரா?' என்று பத்துப் பேர் கேட்பார்கள். பத்துப் பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அரசு இசைப்பள்ளி காஞ்சிபுரத்தில் இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல காரியம். வயலின் உண்டு, வயோலாவும் செல்லோவும் கிடையாது. வயலினும் சம்மணமிட்டு வாசிக்கிற வயலின்தான். நம் மண்ணுக்கு வயலின் வந்ததே ஆங்கிலேயரின் கோட்டை பேண்டிலிருந்து என்பதை மறந்துவிட்டோம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் மணலியில் இருந்தபோது ஆங்கிலேயரின் வயலினைக் கற்றார். அண்ணன் அந்த பேண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வரங்கள் செய்தார். அவரும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த காஞ்சியில் வாழ்ந்தவர். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்து வயலின் வாசிப்பது மரபுக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் தீட்சிதர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

கடற்கரை ஊருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. உப்புக் காற்றில் ஸ்டீல் தந்தி சீக்கிரம் துரு ஏறும். ஈரத்தில் மரம் ஊதும், பிரடை இறுகிக்கொண்டு திரும்பாது. வயலினைப் பசை போட்டுத்தான் ஒட்டுகிறார்கள், அந்தப் பசை ஈரத்தில் இளகும், ஓரம் பிரியும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வாசித்து முடித்ததும் தந்தியைத் துணியால் துடையுங்கள். ஏ.சி. அறையில் சுருதி சேர்த்துவிட்டுத் திறந்தவெளி மேடைக்கு வந்தால் சுருதி ஓடிவிடும். அரை மணி நேரம் முன்பே வாத்தியத்தை வெளிக்காற்றில் பழக விட வேண்டும். நாட்டிய விழா நடக்கும் டிசம்பர், ஜனவரியில் இங்கே ராத்திரி பனி வேறு. மேடையில் தாள் பறக்காமல் இருக்கத் துணி கிளிப் கொண்டுபோங்கள், நாற்காலிக்கு நாலாவது. பெரிய பெரிய கண்டக்டர்கள் எல்லாம் கடற்காற்றிடம் துணி கிளிப்பைத்தான் நம்புகிறார்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். முன்வரிசையில் இரண்டு அம்மாக்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

நேராகவே சொல்கிறேன். மாதச் சம்பளம் கொடுக்கும் முழுநேர ஆர்கெஸ்ட்ரா சென்னையில் கிடையாது. மும்பையில் 2006இல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். அதில் உட்கார நம் நாட்டில் ஆள் போதாமல் கஜகஸ்தானிலிருந்தெல்லாம் வாத்தியக்காரர்களை வரவழைத்தார்கள். நாற்காலி இருந்தும் உட்கார ஆள் இல்லாத நிலை. இது கெட்ட செய்தியா நல்ல செய்தியா என்பது உங்கள் பிள்ளையின் வாசிப்பைப் பொறுத்தது. சென்னையில் இப்போது கிடைப்பது ரெக்கார்டிங், கல்யாண வரவேற்பு, மேடைக் கச்சேரி, டிரினிட்டி கிரேடு பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பிழைப்பு ஓடும். மாதம் ஒன்றாம் தேதி வங்கியில் பணம் விழ வேண்டும் என்பவர்கள் கூடவே ஒரு பட்டப் படிப்பையும் முடித்துவிடுவது நல்லது.

வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் ஏழைப் பிள்ளைகளை உட்கார வைத்து ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார். 'எல் சிஸ்டெமா' என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். குஸ்தாவோ துதாமெல் போன்ற கண்டக்டர் அங்கிருந்து வந்தார். அதற்கு அரசு தொடர்ந்து பணம் கொடுத்தது. இங்கே ஒரு இசையமைப்பாளரின் அறக்கட்டளை செய்கிறது. ஒரு மனிதரின் ஆசையும் பணமும் இருக்கும் வரை ஓடும் காரியத்தை ஒரு மாவட்டம் நம்பிக்கொண்டிருக்க முடியாது. காஞ்சிபுரம் இசைப்பள்ளியில் செல்லோவுக்கு ஒரு ஆசிரியர் பணியிடம், செங்கல்பட்டில் நாலு அரசுப் பள்ளிகளுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு சின்ன அளவு வயலின், சனிக்கிழமைதோறும் ஒரு ஹால். நான் கேட்பது இவ்வளவுதான். மனு எழுதி வைத்திருக்கிறேன். வெளியே மேஜையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அதற்குப் பேனாவே கொண்டுவரலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முதலில் அந்த அம்மா.